தங்கச்சி மகனை எழுதி எடுத்த கதை

ஹட்டன் பக்கத்து அம்மா:

தங்கச்சி செத்தப்ப பிள்ளைக்கு எட்டு மாசம். அவங்கப்பா "நீங்களே வளருங்கக்கா"ன்னு கொடுத்துட்டு கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டாரு. சொந்த ரத்தம்தானே, காகிதம் எதுக்குன்னு நாங்களும் இருந்துட்டோம். முதலாம் வகுப்புல சேர்க்கப் போனப்பதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழ்ல தாய் பேரு தங்கச்சி பேரு, வந்து நிக்கிறது நான்.

டி.எஸ். ஒபிஸ்ல, அதான் பிரதேச செயலகத்துல, சிறுவர் உரிமை உத்தியோகத்தர் ஒருத்தங்கதான் வழி காட்டினாங்க. தத்துன்னா மாவட்ட நீதிமன்றக் கட்டளை வேணுமாம். 1941ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடக்குது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்த அன்னைக்கு பக்கத்து லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) ரெண்டு கதிரை கடன் வாங்கிப் போட்டேன். அந்தம்மா கதிரையைப் பார்க்கவே இல்ல. பிள்ளை எங்க படுக்கிறான், அடுப்புப் புகை எங்க போகுது, நாங்க மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா யாரு பார்க்கிறாங்கன்னு கேட்டாங்க. கேள்வியெல்லாம் சிங்களத்துல. பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) மிஸ்தான் எடுத்துச் சொன்னாங்க. தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பியிருக்கலாம்னு இப்பவும் மனசுல இருக்கு.

கோர்ட்ல "இந்தப் பிள்ளைக்குக் காசு ஏதாவது கைமாறிச்சா"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி சிவந்துருச்சு. எண்பதுகள்ல இலங்கையிலருந்து குழந்தைகளை வாங்கி நெதர்லாந்துக்கும் மத்த நாடுகளுக்கும் அனுப்பின வியாபாரத்தை லோயர் சொன்ன பிறகுதான் ஆறினாரு. கோர்ட்டுக்கு மொத்தம் நாலு தவணை, நாலு நாள் தோட்டத்துல பேர் விழல, சம்பளமும் இல்ல. தத்துக்குன்னு எங்களுக்குச் சல்லிக்காசு உதவி வரல. சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போயிருந்தா லோயர் செலவாவது மிஞ்சியிருக்கும், பிந்தித்தான் தெரிஞ்சுது.

பண்டாரவளை பக்கத்து அண்ணன்:

அக்கா, நீங்க செஞ்சது பெரிய காரியம். என்னையும் பெரியம்மா வீட்டுலதான் வளர்த்தாங்க, ஒரு எழுத்தும் இல்லாம. எனக்கு விஷயம் விளங்கினப்ப வயசு 17. 14க்கு மேல தத்து எடுக்க முடியாதுன்னுட்டாங்க. வளர்த்த அப்பா இபிஎப்ல (ஊழியர் சேமலாப நிதியில) யாரு பேரையும் எழுதி வைக்கல. அவரு போன பிறகு காசு சித்தப்பா பக்கம் போயிருச்சு. மனசுக்குத்தான் நான் மகன், காகிதத்துல யாருமில்ல.

தலவாக்கலை பக்கத்து தங்கச்சி:

எங்க மகளுக்கு 11 வயசுல கேஸ் வந்துச்சு. பத்து வயசு தாண்டினா பிள்ளையோட சம்மதமும் வேணும். நீதிபதி ஐயா கேட்டதும் "சம்மதம், ஆனா என் பேரை மாத்தாதீங்க"ன்னா. கோர்ட்டே சிரிச்சிருச்சு. இன்னைக்கும் அதே பேர்தான். அக்கா, பள்ளிக்கூடத்துக்குத் தத்துச் சான்றிதழோட மூலத்தைக் கேட்டாங்களா?

ஹட்டன் பக்கத்து அம்மா:

கேட்டாங்க. காட்டிட்டு கையோட வாங்கிட்டு வந்துட்டேன். நகல் மட்டும்தான் கொடுத்தேன். மூலம் அரிசி டின்னுக்குள்ள இருக்கு.