மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்பைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?

ஈசூன் அம்மா:
மூத்தவனுக்குக் காதுவலிக்கு கிளினிக்கில் கொடுத்த அமோக்சிசிலின் சிரப் பாதி இருக்கிறது. கலக்கி மூன்று வாரம், ஃப்ரிட்ஜில்தான் வைத்திருக்கிறேன். சின்னவனுக்கு (4 வயது) நான்கு நாளாகச் சளி, இன்று பச்சையாக வருகிறது. காய்ச்சல் இல்லை. அதையே கொடுக்கலாமா? ஊரிலிருந்து வந்த அசித்ரோமைசின் மாத்திரை இரண்டும் இருக்கிறது.

தேக்கா மருந்தாளர்:
இரண்டுமே வேண்டாம்ங்க. பச்சை நிறம் நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வெறும் வைரஸ் சளியிலும் வரும். அமோக்சிசிலின் பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் தடுக்கிற மருந்து. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது.

அந்த பாட்டிலும் காலாவதிதான். தண்ணீர் கலந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பொதுவாக 14 நாள், கிளாவுலானிக் அமிலம் என்ற துணை மருந்தும் சேர்ந்த சிரப் என்றால் 7 நாள். 5 மில்லிக்கு 125 மி.கி., 250 மி.கி. என இரண்டு வீரியம் உண்டு; மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

அசித்ரோமைசினில் இன்னொரு சிக்கல். அதில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய 68 மணி நேரம் ஆகும். இரண்டு மாத்திரையோடு நிறுத்தினாலும், கிருமியைக் கொல்லப் போதாத அளவில் பல நாள் தங்கும். குடலிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகளில் மருந்துக்கு மசியாதவை பிழைத்துப் பெருகும். அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கொடுக்கும். இங்கே சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்காததற்குக் காரணம் இருக்கிறது.

தாதி, ஜூரோங்:
எனக்கு உறுத்துவது அந்தப் பாதி பாட்டில். மருத்துவர் சொன்ன நாள்கள் முடிந்தும் மிஞ்சியதா, காதுவலி நின்றதும் நீங்களே நிறுத்தியதா? நீங்கள் நிறுத்தியது என்றால் கிளினிக்குக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள்.

சின்னவனுக்கு உப்புநீர் மூக்குச் சொட்டு, நிறையத் தண்ணீர், படுக்கும்முன் ஒரு டீஸ்பூன் தேன் போதும் (ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது). வேகமாக மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, புதிதாகக் காய்ச்சல், 10 நாளாகியும் குறையாத சளி என்றால் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போங்கள்.

ஈசூன் அம்மா:
நாங்களேதான் நிறுத்தினோம், இப்போதே கூப்பிடுகிறேன். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றிவிடவா?

தேக்கா மருந்தாளர்:
ஊற்றாதீர்கள், கழிவுநீரில் உள்ள கிருமிகளும் அதற்குப் பழகும். பழைய டிஷ்யூவில் ஊறவிட்டு, உள்ளே தெரியாத பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். நம் வீட்டுக் குப்பை எரியுலைக்குத்தான் போகிறது. மாத்திரையையும் அப்படியே.