விற்கிறவரிடமே காசு கேட்டால் போனை வையுங்கோ

கனடா, லண்டன் என்று இருந்துவிட்டு ஊர் திரும்பின பலரிடம் மெக்சிக்கோவின் கான்கூனிலோ, புளோரிடாவின் ஒர்லாண்டோவிலோ, ஸ்பெயினின் டெனரிஃப் தீவிலோ ஒரு டைம்ஷெயர், அதாவது ரிசோர்ட்டில் வருஷத்தில் குறித்த நாட்கள் தங்கும் உரிமை, கிடக்கிறது. அதை விற்க நினைக்கிற நேரம் பார்த்துத்தான் கள்ளர் வருகிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இன்னும் சிலருக்கு இப்படி அழைப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பெரியப்பா ரொறன்ரோவில் வேலை செய்து ஓய்வெடுத்து, இப்போது உப்புவெளியில் இருக்கிறார். பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில், கான்கூன் ரிசோர்ட் ஒன்றில் வருஷத்துக்கு ஒரு கிழமை தங்கும் உரிமையை வாங்கினவர். இப்போது ஒருவரும் போவதில்லை. பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும், வருஷா வருஷம் கூடவும் செய்யும். அவருக்கு விழுந்தது செப்டம்பர் கிழமை. அந்தக் கடல் பக்கம் ஜூன் தொடக்கம் நவம்பர் வரை சூறாவளிக் காலம். மார்கழி மழைக்குள் நிலாவெளியில் அறை எடுக்க ஆள் தேடுகிற மாதிரித்தான் அதற்கு ஆள் தேடுவதும்.

அப்படிப்பட்ட கிழமையைத்தான் வாங்கின விலையைவிடக் கூடக் கொடுத்து எடுக்கிறோம் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். பெரிய கம்பெனி ஒன்று தன் ஊழியர்களின் விடுமுறைக்காக மொத்தமாக வாங்குகிறதாம். நல்ல மரியாதையான பேச்சு. ஒப்பந்த இலக்கம், கிழமை, அறை வகை எல்லாம் பிசகாமல் சொன்னார். பெரியப்பா நம்பினது அந்த இடத்தில்தான். "என்ர கொன்ட்ராக்ட் நம்பர் கள்ளனுக்கு எப்பிடியடா தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

தெரியும். அமெரிக்கத் திறைசேரியும் எஃப்.பி.ஐ.யும் 2024 ஜூலையில் சேர்ந்து விட்ட எச்சரிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. மெக்சிக்கோவின் போதைப்பொருள் கும்பல்கள், முக்கியமாக ஹலிஸ்கோ நியூ ஜெனரேஷன் கார்ட்டல், ரிசோர்ட்டுகளுக்குள் இருக்கிற ஆட்களிடமிருந்தே உரிமையாளர்களின் விபரத்தை எடுத்து, கோல் சென்டர் வைத்து இந்த வேலையைச் செய்கின்றன. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர் 30 கோடி டொலருக்குக் கிட்ட இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள். உங்கள் விபரம் அவர்களுக்குத் தெரியும் என்பதை வைத்து ஒரு சதமும் நம்பாதீர்கள்.

அடுத்ததாகப் பத்திரங்கள் வந்தன. போனில் பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்தேன். வங்கிச் சின்னம், சிவப்பு முத்திரை, இரண்டு கையெழுத்து. விற்ற காசு எஸ்க்ரோ கணக்கில் (விற்பனை முடியும்வரை மூன்றாம் ஆள் காசை வைத்திருக்கிற கணக்கு) விழுந்துவிட்டது, மெக்சிக்கோ அரசின் வரியை நீங்கள் கட்டின உடனே விடுவிப்போம், அந்த வரியும் பிறகு திரும்பக் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. பெரியப்பாவின் பெயர் மட்டும் வேறு எழுத்தில், வரியை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. காசு போட வேண்டிய கணக்கோ கட்டடச் சாமான் விற்கிற ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில். வரிக் கந்தோர், ரிசோர்ட், எஸ்க்ரோ நிறுவனம் ஒன்றின் பெயரும் அதில் இல்லை.

"பெரியப்பா, நிலாவெளிக் காணியை விக்கேக்க நீங்க ஆருக்காவது முதல்ல காசு கட்டினீங்களா?" என்று கேட்டேன். இல்லை. முற்பணம் தந்ததும் வாங்கினவர், முத்திரை வரி கட்டினதும் வாங்கினவர். புரோக்கரின் காசு உறுதி எழுதி முடிந்த பிறகுதான் போனது. நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதாத காணி விற்பனை இந்த நாட்டில் செல்லாது, 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அதுதான் முறை. அங்கே நாடும் சட்டமும் வேறுதான். ஆனாலும் விற்கிற ஆள் முன்காசு அனுப்ப வேண்டும் என்றால் அங்கே வாங்குகிற ஆளே இல்லை.

பழைய கட்டணக் கடிதத்தில் இருந்த ரிசோர்ட் இலக்கத்துக்கு நாங்களே எடுத்தோம். வந்தவர் தந்த இலக்கத்தைத் தொடவில்லை. பெயர் மாற்றச் சொல்லி ஒரு கோரிக்கையும் வரவில்லை என்றார்கள். மெக்சிக்கோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வெளிநாட்டவர் காணியை நேரடியாகத் தன் பெயரில் வைத்திருக்க முடியாது. அங்குள்ள டைம்ஷெயர்களில் பெரும்பாலானவை குறித்த காலத்துக்கான பாவனை உரிமைதான், காணி உறுதி இல்லை. பெரியப்பாவுடையதும் அப்படித்தான். பெயர் மாற்றுவது ரிசோர்ட்டின் படிவத்தில்தான் தொடங்கும். புளோரிடாவில் உறுதியோடு வாங்கினவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு உறுதி கைமாற வேண்டும், நிலுவை இல்லை என்று ரிசோர்ட்டின் கடிதமும் வேண்டும். எஸ்க்ரோ நிறுவனம் எதுவானாலும் நீங்களாகத் தேடிப் பிடித்ததாக இருக்கட்டும்.

அதே அழைப்பில் "நீங்களே திருப்பி எடுப்பீர்களா?" என்றும் கேட்டோம். விற்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். நிலுவை இல்லாதபடியால் சம்மதித்தார்கள், காசு எதுவும் தரவில்லை. பெரியப்பாவுக்கு மனவருத்தம். எனக்கு நிம்மதி, ஏனென்றால் இனிக் கட்டணம் வராது. வாங்கின விலையில் ஒரு சின்னப் பங்குதான் மறுவிற்பனையில் கிடைக்கும், சிலதைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை.

லண்டனிலிருந்து, சொந்த ஊர் திருகோணமலை

என் அக்காவுக்கு டெனரிஃபில் ஒரு கிழமை இருந்தது. விற்றுத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரத்துக்கென்று முன்காசு வாங்கிக்கொண்டு காணாமல் போனது. பிரித்தானியாவின் 2010 டைம்ஷெயர் விதிமுறைகளின்படி விற்பனை முடிய முதல் இப்படிக் காசு வாங்கவே கூடாது. அக்கா கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டிக் கார்ட் நிறுவனத்திடம் கேட்டோம். நிறையக் கடிதம் எழுதித்தான் காசு திரும்பியது. வங்கி வழியாக நேரே அனுப்பியிருந்தால் அந்த வழி இருந்திருக்காது.

அதோடு முடியவில்லை. இழந்த காசை மீட்டுத் தருகிறோம் என்று வழக்கறிஞர் போல ஒருவர் எடுத்தார். முதலில் கோர்ட்டுக் கட்டணம் வேண்டுமாம். அக்கா எவ்வளவு இழந்தவ என்பது அந்த ஆளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

நிலாவெளியிலிருந்து

தம்பி, என் மச்சான் ஸ்காபரோவிலிருந்து போன கிழமை இப்படிப்பட்ட ஆட்களுக்குக் காசு அனுப்பிவிட்டார். இப்ப இன்னொரு வரி கட்டச் சொல்லுகிறார்களாம். என்ன செய்யலாம்?

முதலில் எழுதியவர்

அண்ணை, ஒரு சதமும் இனி அனுப்ப வேண்டாம் என்று மச்சானுக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. அந்த வரியைக் கட்டினால் இன்னொன்று வரும். அவர் இப்பவே தன் வங்கிக்குப் போய், மோசடி என்று சொல்லி, அனுப்பின காசைத் திருப்பி அழைக்கக் கேட்கட்டும். பிந்தப் பிந்த அது கிடைக்கிறது கஷ்டம். கனடா மோசடித் தடுப்பு நிலையத்திலும் உள்ளூர்ப் பொலிஸிலும் முறைப்பாடு போடச் சொல்லுங்கோ. வாட்ஸ்அப் செய்தி, பத்திரம், கணக்கு இலக்கம் ஒன்றையும் அழிக்க வேண்டாம். கடவுச்சீட்டுப் பிரதி கொடுத்திருந்தால் அதையும் வங்கியிடம் சொல்ல வேண்டும். மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் கட்டாயம் எடுப்பார், அதை மச்சான் வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கோ, வீட்டில் போனை எடுக்கிறது அவதானே.