கிளைடருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் அச்சுக்குப் போகிறது

கோவையிலிருந்து, திங்கள் காலை

குழும நண்பர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறைப் பட்டறை ஒன்றில் பிள்ளைகளுக்கு ஃபோம் போர்டில் (இரண்டு காகிதத்துக்கு நடுவில் தெர்மாகோல் வைத்த பலகை) கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், செய்யச் சொல்லித் தருகிறேன். எறிந்து விளையாடுகிற சின்னது இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் படை இறக்கப் பயன்படுத்திய வேக்கோ சிஜி-4ஏ, அதை 18-இல் ஒரு பங்காகச் சுருக்கி, கைகால் மடங்குகிற மூன்றே முக்கால் அங்குல ஆக்‌ஷன் ஃபிகர்கள் உள்ளே உட்காருகிற மாதிரி. அசலின் இறக்கை நுனிக்கு நுனி 25.5 மீட்டர், நமக்கு 142 செ.மீ. வரும். போர்டு 20க்கு 30 அங்குலத்தில் கிடைப்பதால் பாதி இறக்கை ஒன்றில் அடங்கிவிடும், நடுவில் ஒட்டினால் சரி. மூக்கு அப்படியே மேலே திறக்கும், ஜீப்பை அந்த வழியாகத்தான் ஏற்றினார்கள். செய்முறைத் தாள் எழுதியாகிவிட்டது. கிளைடர், ஃபோம் போர்டு, ஆக்‌ஷன் ஃபிகர் மூன்றுக்கும்தான் சொல் வேண்டும்.

குடந்தையிலிருந்து, திங்கள் மதியம்

தம்பி, புதிதாக எதற்கு ஆக்க வேண்டும்? புறநானூறு 27-ஆம் பாட்டிலேயே இருக்கிறதே, ‘வலவன் ஏவா வான ஊர்தி’. ‘ஏவா ஊர்தி’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் போன மயிற்பொறி சுடுகாட்டில் இறங்கியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சென்னையிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, வலவன் ஏவாதது என்றால் ஓட்டுநர் இல்லாதது. அது ட்ரோன். கிளைடரில் ஓட்டுநர் உண்டு, எஞ்சின்தான் கிடையாது. சிஜி-4ஏவில் முன்னால் இரண்டு பேர் ஓட்ட, பின்னால் 13 வீரர்கள் உட்கார்ந்து போனார்கள். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப் போய் விட்டுவிடும், அப்புறம் உயரத்தைச் செலவழித்துத்தான் தூரம் போக வேண்டும், சறுக்குமரத்தில் பிள்ளை வருவது மாதிரி. ஆகவே ‘சறுக்கு விமானம்’. இதிலிருந்து சறுக்குக் கோணம், சறுக்கு விகிதம் என்று மற்றதெல்லாம் தானாக வரும். கலைச்சொல் குட்டி போட வேண்டும், ‘ஏவா ஊர்தி’ மலடு.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிற மொழியில், ஆள் ஏற்றும் வாகனத்துக்குச் சறுக்கு என்று பெயர் வைத்தால் யார் ஏறுவார்கள்? பருந்து இறகை அசைக்காமல் நிற்கிறதைப் பார்த்து எவரும் சறுக்குது என்று சொல்ல மாட்டார்கள், மிதக்குது என்றுதான் சொல்வார்கள். ‘மிதவை வானூர்தி’ என்று போடுங்கள்.

சென்னையிலிருந்து, செவ்வாய்

அக்கா, மிதவை என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தண்ணீரில் கிடக்கிற கட்டைதான் நினைவுக்கு வரும். வானூர்தி என்கிறீர்கள், ஊர்வது பாம்பு இல்லையா?

குடந்தையிலிருந்து, செவ்வாய் இரவு

‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்ற குறளைப் பள்ளியில் படித்ததில்லையா? பல்லக்கில் ஏறிப் போகிறவனும் ஊர்ந்தவன்தான். விமானம் வடசொல், அதை விட்டு வாருங்கள். சறுக்குதான் வேண்டுமென்றால் ‘சறுக்கூர்தி’ என்று வையுங்கள், உகரம் கெட்டு ஒழுங்காகப் புணரும். வினைத்தொகை வேறு, மூன்று காலமும் உள்ளே அடங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன்

இறந்தகாலமும் அடங்குமே ஐயா, அதுதான் என் பயம்.

மதுரையிலிருந்து, புதன்

பெயர் எதுவோ இருக்கட்டும், தாளில் பசையைப் பற்றி எழுதினீர்களா? செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷனைத் தடவினால் இரண்டு காகிதத்துக்கும் நடுவில் இருக்கிற தெர்மாகோல் கரைந்து குழி விழும். ஸ்பிரே பெயின்டும் அப்படித்தான். வெட்டின ஓரத்தில் நேராக அடித்து என் மகனின் இறக்கை ஒன்று போயே போச்சு. வெள்ளைப் பசை போதும், இல்லையென்றால் குளூ கன்னைக் குறைந்த சூட்டில் வையுங்கள்.

அப்புறம் ‘நுரையட்டை’ என்று யாரோ தனிமடலில் சொன்னார்களாம். அதைக் கடையில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அட்டை என்றால் காலில் ஏறி இரத்தம் குடிக்கிறதும்தானே.

குடந்தையிலிருந்து, புதன்

குடும்ப அட்டையைக் கண்டு யாரும் உப்பைத் தேடி ஓடவில்லை. நுரையட்டை நல்ல சொல்.

சேலத்திலிருந்து, புதன் இரவு

ஆக்‌ஷன் ஃபிகரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்தச் சொல்லே ஒரு மழுப்பல். 1964-இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி ஜி.ஐ. ஜோ என்னும் சிப்பாயைக் கொண்டுவந்தபோது, பொம்மை என்று சொன்னால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பயந்து இட்ட பெயர். ‘செயல் உருவம்’ என்று பெயர்த்தால் அந்தப் பயத்தையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம். கைகால் மடங்குவதால் ‘மூட்டுப் பொம்மை’ போதும். ஒன்று, முதலில் வந்த ஜோ 12 அங்குலம். மூன்றே முக்கால் அங்குலம் 1982-இல் வந்தது. வீட்டில் பழைய பெரிசு வைத்திருக்கிற பிள்ளை இருந்தால் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்ய வேண்டும், இறக்கை நாலேகால் மீட்டர் வரும். வகுப்பறை தாங்குமா?

குடந்தையிலிருந்து, வியாழன்

பொம்மை தெலுங்கில் ‘பொம்ம’. பாவை என்னும் சங்கச் சொல் இருக்க அது எதற்கு? கொல்லிப்பாவை அசையும் என்பார்கள், மூட்டு இல்லாமலா அசைந்தது? ‘மூட்டுப்பாவை’ என்க.

சேலத்திலிருந்து, வியாழன்

பாவாடை என்று படிப்பான் ஐயா ஆறாம் வகுப்புப் பையன்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன், சறுக்கு விமானத்துக்கு ஆறு பேர், மிதவைக்கு நான்கு, ஏவா ஊர்திக்கு ஐயா ஒருவர். முதல் பக்கத்தில் ‘கிளைடர் என்னும் சறுக்கு விமானம்’, பிறகு கிளைடர். மூட்டுப் பொம்மை நின்றுவிட்டது. பொருள் பட்டியலில் மட்டும் ஃபோம் போர்டு என்றே போட்டேன், அதைக் காட்டித்தான் அப்பாக்கள் கடையில் வாங்க வேண்டும். பசை எச்சரிக்கை கட்டம் கட்டி வருகிறது.

குடந்தையிலிருந்து, வெள்ளி மதியம்

பெரும்பான்மை இலக்கணம் ஆகாது. அச்சகத்தில் மெய்ப்பு இன்னும் கையில் இருந்தால் ‘சறுக்கூர்தி’ என்று மாற்ற ஐந்து நிமிடம்தான். அழைத்துக் கேளுங்கள்.