குரோசாவாவின் மாக்பெத்: உங்களை விடாத காட்சி எது?

கடைசி வரிசை:
ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தை ஜப்பானுக்கு மாற்றி குரோசாவா எடுத்த 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) பார்த்ததிலிருந்து அந்தப் பட்டுச் சத்தம் காதிலேயே நிற்கிறது. பிரபுவைக் கொல்வதற்காக அவருடைய காவலாளிகளுக்கு மயக்க மருந்து கலந்த மதுவை எடுக்க, படத்தில் மாக்பெத்தின் மனைவியான அசாஜி போவாள் இல்லையா, பின்னால் இருக்கிற இருட்டுக்குள் நுழைந்து அப்படியே காணாமல் போகிறாள், கிமோனோ உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது, அப்புறம் கையில் ஜாடியோடு இருட்டிலிருந்து வெளியே வருகிறாள். நாடகத்தில் தீய சக்திகளையும் இருளையும் கூப்பிட்டு அவள் பேசும் பெரிய வசனம் படத்தில் கிடையாது. தேவையும் இல்லை, அசாஜியாக நடித்த இசுசு யமதா அந்த நடையிலேயே அதைச் சொல்லிவிட்டார். எந்த மேடையிலும் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

வசனப்பிரியை:
வசனத்தை எடுத்துவிட்டால் மாக்பெத்தில் மிச்சம் என்ன? நாடகத்தில் மனைவி செத்த செய்தி வந்ததும் மாக்பெத் "நாளை, நாளை, நாளை" என்று பேசுவானே, ஐந்தாம் அங்கம், அதற்காகத்தான் கடைசிவரை காத்திருந்தேன். வரவே இல்லை. தான் என்னவாகிவிட்டோம் என்பது மாக்பெத்துக்குத் தெரியும், அதனால்தான் கொலைகாரனாக இருந்தும் அவனுக்காக மனசு வலிக்கிறது. படத்தில் மாக்பெத்தாக வரும் வாஷிசுவிடம் எனக்கு அந்த வலி வரவில்லை. மூன்று சூனியக்காரிகளுக்குப் பதில் ராட்டை சுற்றும் ஒரே ஆவி, அது பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாக்பெத்தால் மனைவி மக்களைப் பறிகொடுத்த மக்டஃப் வந்து கணக்குத் தீர்க்காத மாக்பெத்தை எப்படி ஏற்பது?

பழைய ரீல்:
எனக்குக் கடைசியில் வாஷிசு மேல் பாயும் அம்புகள்தான். தேர்ந்த வில்லாளிகள் நிஜ அம்புகளையே, வாஷிசுவாக நடித்த மிஃபூனேவுக்குப் பக்கத்தில் எய்தார்கள், அந்தக் கண்ணில் தெரிகிற பயம் முழுக்க நடிப்பு இல்லை.

வசனப்பிரியை, எய்கிறவர்கள் யார் என்று பாருங்கள், அவனுடைய சொந்த வீரர்கள். இந்தப் பிரபுவே முந்தைய பிரபுவைக் கொன்றுதானே வந்தார் என்று அசாஜி சொல்கிறாள். அப்படிப்பட்ட உலகத்தில் நியாயம் கேட்க ஒரு மக்டஃப் எங்கிருந்து வருவான்?

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் நாடகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், இரண்டாம் அங்கமாவது. செல்போனில் பார்க்கவே பார்க்காதீர்கள், கறுப்பு வெள்ளையில் அந்த மூடுபனி சின்னத் திரையில் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். வாஷிசுவும் அவன் நண்பன் மிக்கியும் வழி தெரியாமல் குதிரையில் திரும்பத் திரும்ப வரும் இடத்தை இழுவை என்று ஓட்டிவிடாதீர்கள், அந்தச் சலிப்பு வேண்டும். முதலில் ஜப்பானிய நோ நாடகம் கொஞ்சம் பாருங்கள், அசாஜி ஏன் முகமூடி மாட்டியதுபோல் அசையாமல் உட்காருகிறாள் என்பது பிடிபடும். 'ரான்' (1985) அப்புறம். அது லியர் அரசன் கதை, வண்ணப் படம், இதோடு ஒப்பிட ஆரம்பித்தால் இரண்டையுமே ரசிக்க முடியாது.

வசனப்பிரியை:
படித்துவிட்டுத்தான் பார்த்தேன், பெரிய திரையில்தான். மக்டஃப் பற்றி நீங்கள் சொல்வது யோசிக்க வைக்கிறது. "நாளை" வசனத்துக்கு ஈடாகப் படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது காட்டுங்கள், மறுபடி பார்க்கிறேன்.