புதுப்பிப்பு: மேமிலிருந்து சிப் கோட் எடுக்கலாமா?

முந்தைய இழையின் கேள்வி: மேம் எமுலேட்டரின் (பழைய ஆர்கேட் கேம் இயந்திரங்களை கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) ஒலிச்சிப் கோட் கோப்பை, எம்ஐடி உரிமத்திலுள்ள (கட்டுப்பாடு மிகக் குறைந்த திறமூல உரிமம்) வேறொரு எமுலேட்டரில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கோப்புக்குக் கோப்பு பார்க்கணும். 2016 மார்ச்சில் மேம் மொத்தமாக ஜிபிஎல் 2-க்கு மாறியது (இதில் உள்ள கோடைச் சேர்த்து வெளியிட்டால், மூலக்கோடையும் அதே உரிமத்தில் தரணும்). ஆனால் பெரும்பாலான கோப்புகள் தனியே பிஎஸ்டி 3 உரிமத்தில் உள்ளன, இது எம்ஐடி போலவே தளர்வானது. ஒவ்வொரு கோப்பின் முதல் வரியில் உரிமம், அடுத்ததில் உரிமையாளர் பெயர். அந்த இரண்டு வரிகளைத் தயவுசெய்து அழிக்காதீர்கள், மனக்கசப்பே அங்கேதான் தொடங்குகிறது. பிஎஸ்டியின் முழு வாசகத்தையும் கூடவே வையுங்கள். அந்தக் கோப்பு உள்ளே இழுக்கும் (இன்க்ளூட்) கோப்புகளையும் திறந்து பாருங்கள்: அதில் ஒன்று ஜிபிஎல் என்றாலும், வெளியிடும் பைனரி (இயங்கும் நிரல்) முழுவதும் ஜிபிஎல் நிபந்தனைக்குள் வந்துவிடும்.

2016 மார்ச் மாற்றத்துக்கு முந்தைய மேம் பிரதியிலிருந்து எடுத்த கோட் பெரும்பாலும் வணிகத் தடை உரிமத்தில் (விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது) இருந்தது, ஜிபிஎல்லோடு சேராது. புதிய பதிப்பிலிருந்து மறுபடி எடுங்கள். ஸ்னெஸ்9எக்ஸ் என்ற சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டரில் அந்தத் தடை இன்றும் உண்டு.