ஜப்பான் கப்பா பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி: ஜப்பான்ல ஆத்துல இருக்கிற கப்பாங்கிற பூதத்துக்கு தலையில குழி, அதுல தண்ணி, அது கொட்டிட்டா பலமே போயிடும்னு சொல்றாங்களே, அப்ப அதுகிட்ட மாட்டினா எப்படி தப்பிக்கிறது?

பதில் 1: குனிஞ்சு வணக்கம் வைங்க போதும். மரியாதை தெரிஞ்ச பூதம், பதிலுக்கு அதுவும் குனியும், தண்ணி கொட்டிடும். வெள்ளரிக்கான்னா அதுக்கு உசுரு.

பதில் 2: இவாத்தே மாகாணத்துல தோனோன்னு ஊர், அங்க கப்பாபுச்சி ஓடையில இப்பவும் தூண்டில்ல வெள்ளரிக்கா கட்டிப் போடுறாங்க, கப்பா பிடிக்க லைசென்ஸே விக்கிறாங்க! பக்கத்துல ஜோகென்ஜி கோயில் தீப்பிடிச்சப்ப கப்பா தான் தண்ணி ஊத்தி அணைச்சுதாம், அதான் அங்க காவல் சிலைக்கும் தலையில குழி இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

பதில் 3: சின்னப் பசங்க ஆழத்துல இறங்கக்கூடாதுன்னு தான் இப்படி பயமுறுத்தி வச்சாங்க, சில குளத்தோரம் கப்பா படம் போட்ட எச்சரிக்கை போர்டே இருக்கு.