ஸ்பானுக்கு ‘முளை’ சரி, ஃபார்முக்கு ‘பண்ணை’ போதாது

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். நம் மைன்கிராஃப்ட் தமிழ்க் கையேட்டுக்காக, ‘ஸ்பான்’ (விளையாட்டில் ஜாம்பி மாதிரியானவை திடீரென்று வந்து நிற்பது) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் பேசிக்கொண்டிருந்த எட்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. காரணம் புழு. நான்காவது தோலுரித்து எழுந்த பட்டுப்புழு தழை தின்னும் வாரத்தில், பாலக்கோட்டுப் பக்கம் புழு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் வேறு பேச்சு கிடையாது. நேற்றுச் சாயங்காலம் கடைசிப் புழுவையும் கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லா மடலையும் ஒரே மூச்சில் படித்தேன்.

வந்த சொற்களில் பாதியைச் சண்டையில்லாமல் தள்ளிவிடலாம். ‘உருவாகு’ ஆகாது, பொருள் செய்யும் கிராஃப்டிங்குக்கு ‘உருவாக்கு’ என்று போன மாதமே முடிவாகிவிட்டது. ‘பிற’, ‘ஈன்’ இரண்டுக்கும் தாய் வேண்டும். ‘அவதரி’ என்று எழுதியவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். வெடித்துச் சாகும் அந்த அரக்கனை ‘கிரீப்பர் அவதரித்தார்’ என்று அச்சில் பார்க்க எனக்கும் ஆசைதான். ‘தோன்று’ தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. எண்ணமும் தோன்றும், வானவில்லும் தோன்றும். ஸ்பானர், டிஸ்பான், ஸ்பான் ரேட் என்று பின்னாலேயே வரும் கூட்டத்தையும் அது தாங்காது.

‘வித்து’ அகராதியிலேயே இருக்கிறதே என்று கிருஷ்ணகிரி நண்பர் கேட்டிருந்தார். இருக்கிறது, காளானுக்கு. தாய் வித்து, படுக்கை வித்து என்று காளான் வளர்ப்பவர்கள் சொல்வது அதைத்தான். ஆனால் அது வைக்கோலுக்கு நடுவே கையால் தூவும் பொருள். நமக்கு வேண்டியது வினைச்சொல். ஆங்கிலச் சொல்லே மீனும் தவளையும் தண்ணீரில் விடும் முட்டைத் திரளிலிருந்து வந்தது. 1993இல் வந்த டூம் விளையாட்டின் மூலநிரலைத் திறந்தால், வரைபடத்தில் ஆட்களை இறக்கும் செயற்கூறுகளின் பெயரிலேயே அது நிற்கும். நிரல் எழுதியவர்களுக்குக் கைக்கு எட்டிய சொல் அது. நாமும் நம் கைக்கு எட்டியதை எடுக்கலாம், மீன் முட்டையைத் தமிழில் பொரிக்கவைக்கத் தேவையில்லை.

எட்டியது ‘முளை’. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் வந்து நின்றால் “எங்கடா முளைச்ச?” என்கிறோம். தெருமுனையில் திடீரென்று ஒரு பிரியாணிக் கடை முளைக்கிறது. தாய் தெரியாது, வந்த வழி தெரியாது, திரும்பிப் பார்த்தால் நிற்கிறது. ஜாம்பி வருவது அப்படித்தானே?

இதற்கு ஓசூர் அக்கா எழுப்பிய தடை கனமானது. வயலும் இருக்கிற விளையாட்டில் ‘இங்கே முளைக்காது’ என்று எழுதினால், முளைக்காதது கோதுமையா ஜாம்பியா என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்றார். நானும் அதையே நினைத்துக் குழம்பி, என் சொந்த அக்கா மகனைக் கூப்பிட்டுக் கோதுமை விதைக்கச் சொன்னேன். அவன் மண்ணைக் கொத்தினான், விதையைப் போட்டான், அந்த நொடியே பச்சை தெரிந்தது. அங்கிருந்து முற்றுகிறவரை எட்டு நிலை. எட்டாவதில் பழுத்து நிறம் மாறுகிறது. எதிலும் ‘முளை’ என்ற கட்டமே இல்லை. எல்லாம் ‘வளர்’, ‘முற்று’. ராகி விதைத்துவிட்டு நாலைந்து நாள் மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றத்தை அந்த விளையாட்டை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். நமக்கு லாபம், ‘முளை’ சும்மா கிடக்கிறது.

முளைக்க வெளிச்சம் வேண்டும், ஜாம்பி மாதிரியானவற்றுக்கு இருட்டல்லவா வேண்டும் என்ற கேள்விக்கு மதுரை நண்பர் முளைப்பாரியைக் காட்டி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். இருட்டறையில் வைத்துத்தான் முளைப்பாரியை வளர்க்கிறார்கள். இருட்டு பற்றி ஒரு திருத்தம் மட்டும்: கையேட்டு வரைவில் ‘ஒளி அளவு 7 அல்லது அதற்குக் கீழே’ என்று இருக்கிறது. அது பழைய விதி. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து, பூமிப்பரப்பு உலகத்தில் விளக்கொளி சுத்தமாக 0 ஆக இருந்தால்தான் பகை நடமாடிகள் முளைக்கும். (ஜாம்பி, மாடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரான ‘மாப்’புக்கு, எலும்புக்கூட்டை ‘உயிரி’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராமல் ‘நடமாடி’ என்று முடிவு செய்தோமே, அதையே எழுதுகிறேன். மாப் என்பதும் ‘நகரக்கூடியது’ என்று பொருள்படும் மொபைலின் சுருக்கம்தான்.)

‘ஈன்’, ‘பொரி’ இரண்டையும் தூக்கி எறிய வேண்டாம். அவற்றுக்கு இந்த விளையாட்டிலேயே வேலை இருக்கிறது. இரண்டு மாட்டுக்குக் கோதுமை கொடுத்தால் கன்று வருகிறது. கன்று பெரிதாக 20 நிமிடம், தாய் தகப்பன் மறுபடி சேர 5 நிமிடம். அது ஈனுதல். கோழிமுட்டையை எறிந்தால் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குஞ்சு வருகிறது. அது பொரித்தல். அப்பா காலத்தில் பட்டு முட்டையை வீட்டில்தான் பொரிக்க வைப்போம். முட்டையில் கரும்புள்ளி தெரிந்ததும் அட்டையைக் கறுப்புத் தாளில் பொதிந்து இருட்டில் வைப்பார். முந்திய முட்டை காத்திருக்கும், பிந்தியது எட்டிப் பிடிக்கும். பிறகு ஒரு விடிகாலை தாளைப் பிரித்து வெளிச்சம் காட்டினால் மொத்தமும் சேர்ந்து எறும்பு மாதிரி ஊரும். இப்போது இளம்புழு மையத்திலிருந்து புழுவாகவே வாங்கிவிடுகிறோம். ‘பொரிஞ்சிருச்சா’ என்று கேட்டு வீடே முழித்திருந்த ராத்திரிகள் போய்விட்டன. அந்தச் சொல்லை ஜாம்பிக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

சரி, ஸ்பான் முடிந்தது. நான் எழுத உட்கார்ந்தது அடுத்ததற்காக.

வரைவில் ‘ஃபார்ம்’ வருகிற இடமெல்லாம் ‘பண்ணை’ என்று போட்டிருக்கிறோம். கோதுமைப் பண்ணை, கோழிப்பண்ணை சரி. ‘எலும்புக்கூட்டுப் பண்ணை’, ‘இரும்புப் பண்ணை’ என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பண்ணையில் தீனி வைப்போம், நோய் பார்ப்போம், குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வோம். மாப் ஃபார்மில் என்ன நடக்கிறது என்பதை அக்கா மகன் பக்கத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

அவன் முதலில் ஒரு கோபுரம் எழுப்பினான். உச்சியில் ஒரு பெரிய பெட்டி, உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. தரையில் குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால். ஊற்றையும் சேர்த்து எட்டு பிளாக் (விளையாட்டு உலகத்தின் கட்டம்) ஓடித் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் வாய்க்காலை அந்த அளவுக்கே வெட்டுகிறான். வாய்க்கால் ஓரத்தில் பலகைக் கதவுகளைத் திறந்த வாக்கில் வைக்கிறான். நடமாடிகள் அதையும் தரை என்று நம்பிக் கால் வைத்துத் தண்ணீரில் விழும். தண்ணீர் அவற்றை நடுக்குழிக்குத் தள்ளும். குழி சரியாக 22 பிளாக் ஆழம்.

“ஏன்டா 22?”

“மாமா, அதுக்கு 20 உயிர். விழுற ஆழத்துல மூணு கழிச்சா அடி. 22ல 19 அடி. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கும், அதை நான் அடிச்சாதான் எனக்கு எக்ஸ்பி, அனுபவப் புள்ளி. 23 போட்டா தானா செத்துரும், எலும்பு மட்டும்தான் கிடைக்கும்.”

பையன் ஒன்பதாவது. கணக்கில் போன தேர்வு மதிப்பெண்ணை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தாவின் பறி ஞாபகம் வந்தது. மூங்கில் பிளாச்சில் முடைந்த கூடை. வாய் அகலம், உள்ளே போகப் போகக் குச்சிகள் உள்நோக்கிக் குவிந்திருக்கும். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் மடையில் ஓடும்போது வாயை நீரோட்டத்துக்குக் காட்டி வைத்துவிட்டு வந்துவிடுவார். போன மீன் திரும்ப வராது. தாத்தா மீனைத் தேடிப் போனதும் இல்லை, தீனி போட்டதும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து போடும், விடிந்ததும் போய் எடுப்பார். அக்கா மகன் கட்டியது அச்சு அசல் பறி.

ஆகவே என் முன்மொழிவு: விதைத்தும் தீனி போட்டும் வளர்ப்பது ‘பண்ணை’. தானாக முளைப்பதை ஓடவைத்து ஓரிடத்தில் சேர்த்து எடுப்பது ‘பறி’. எலும்புப் பறி, வெடிமருந்துப் பறி, இரும்புப் பறி. பறி வைத்தான், பறி கட்டினான் என்று வாக்கியத்தில் உட்காரும். பூப்பறிக்கும் ‘பறி’யும் பக்கத்தில் இருப்பதால், கூடையைப் பார்த்திராத பிள்ளைக்கும் ஏதோ எடுக்கப்போகிறோம் என்பது புரியும்.

அந்தப் பறி முதல் ராத்திரி வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரத்தில் விழுந்தது இரண்டே சிலந்தி, அவையும் செத்து. பையன் முகம் தொங்கிவிட்டது. காரணம் வேறெங்கோ இருந்தது. பகை நடமாடிகளுக்கு ஒருவர் ஆடும் உலகத்தில் 70 என்று உச்ச எண்ணிக்கை. கோபுரத்துக்கு அடியில் விளக்கு வைக்காத குகைகளிலேயே அந்த 70 பேரும் குடியேறிவிட்டார்கள், மேலே முளைக்க இடமில்லை. இந்த ‘மாப் கேப்’புக்குத் ‘தலைக்கணக்கு’ போடலாம். ‘தலைக்கணக்கு நிரம்பிவிட்டது’ என்றால் கல்யாணப் பந்தி பார்த்த யாருக்கும் விளங்கும்.

மறுநாள் அவன் தன்னையே மேலே தூக்கிக்கொண்டான். ஆட்டக்காரனிலிருந்து 24 பிளாக்குக்குள் எதுவும் முளைக்காது. 32ஐத் தாண்டி நிற்பவை ஒவ்வொன்றாகக் கரைய ஆரம்பிக்கும். 128ஐத் தாண்டியது அந்தக் கணமே மறையும். வானத்தில் ஒரு பலகை போட்டு அங்கே போய்ச் சும்மா நின்றால், குகைகளெல்லாம் 128க்கு வெளியே போய்விடும், முளைக்க மிச்சமிருப்பது பறி மட்டும். ஆடாமல் சும்மா நிற்கும் இந்த இடத்தை ‘ஏஎஃப்கே மேடை’ என்று வரைவில் விட்டிருக்கிறோம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை வருமோ பன்றி வருமோ என்று ராத்திரி முழுக்க உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே, அது என்ன? பரண். வேறு சொல் தேடவே வேண்டாம். பரணில் ஏறியதும் எலும்பு கொட்டத் தொடங்கியது.

இரும்புப் பறி பற்றி ஒரு வார்த்தை. அதில் கிராமத்து ஆட்களை ஓர் அறையில் அடைத்து, எதிரே ஒரு ஜாம்பியை நிறுத்திப் பயமுறுத்துகிறார்கள். பயத்தில் அவர்களைக் காக்க இரும்புப் பூதம் முளைக்கிறது. முளைத்த கையோடு அதைத் தீக்குழம்பில் தள்ளினால் மூன்றிலிருந்து ஐந்து இரும்புக் கட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் சொன்னார்கள். அந்தக் காலத்து ஆட்கள் இதைவிட மரியாதையாகத்தான் இரும்பு எடுத்திருப்பார்கள். என் அக்கா எட்டிப் பார்த்து “பாவம்டா அதுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மற்றவை சுருக்கமாக. ஸ்பானர் என்பது உள்ளே குட்டி உருவம் சுற்றிக்கொண்டிருக்கும் கம்பிக் கூண்டுதான், ஆகவே ‘முளைக்கூண்டு’. முளைத்தது மறைந்துபோகும் டிஸ்பானுக்குக் ‘கரை’, கரைந்துபோவது என்ற பொருளில். ஆட்டக்காரன் செத்து மறுபடி வருவதற்கு மட்டும் ‘முளை’ வேண்டாம், ‘மீள்’ போதும். கட்டிலில் படுத்து எழுந்தவனை எங்கடா முளைத்தாய் என்று கேட்கக் கூடாது.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து

* * *

குழுமத்தாருக்கு மறுபடி வணக்கம்.

காலையில் அனுப்பியதற்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நினைக்கவில்லை. ‘பறி’ என்றதும் வழிப்பறிதான் நினைவுக்கு வருகிறது என்று சேலம் அண்ணன் எழுதியிருக்கிறார். வரட்டும். முளைத்து இரண்டு நிமிடம் ஆகாத எலும்புக்கூட்டை அடித்து அதன் அம்பைப் பிடுங்குவது வேறென்னவாம்?

தர்மபுரி ஆசிரியர் சொன்னதுதான் யோசிக்க வேண்டியது. வல்லின றகரம் தெரியாத பிள்ளை ‘பரி’ என்று எழுதும், அது குதிரை, விளையாட்டில் குதிரையும் இருக்கிறது என்கிறார். நம் கையேட்டில் குதிரை ‘குதிரை’யாகவே இருக்கிறது, ‘பரி’ என்று எங்கும் வரவில்லை. தேடுபெட்டியில் ‘பரி’ என்று அடித்தாலும் ‘பறி’ பக்கத்துக்குப் போகும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது. அதை நான் செய்கிறேன்.

‘பறிப்பண்ணை’ என்று இரண்டையும் சேர்க்கலாமே என்ற யோசனைக்கு என் வாக்கு இல்லை. பண்ணை வேண்டாம் என்பதற்காகத்தானே இவ்வளவு நீளம் எழுதினேன்.

ஹாப்பர் இன்னும் தொங்கலில் இருக்கிறது. குழியின் அடியில் விழுவதை வாங்கிப் பெட்டிக்குள் இறக்கும் அந்தப் புனல் வடிவச் சாமான். ‘புனல்’ என்றே வைத்தால் தண்ணீர் என்ற பழம்பொருள் குறுக்கே வருகிறது, அதுவும் சுற்றிலும் வாய்க்கால் ஓடுகிற இடத்தில். மாவு மில்லில் தானியம் கொட்டும் அந்த வாய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? மில் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். நான் திங்கட்கிழமை பட்டுக்கூடு எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.